மேட்டில் இருமிய வண்டி

பாகீரதி அம்மாளின் வண்டி சமதரையில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அல்சூர் ஏரியைத் தாண்டி மேடேறத் தொடங்கியதும்தான் இருமியது. ஒரு இருமல், ஒரு உதறல், மறுபடி இருமல். மேட்டின் தலையைத் தொட்டுவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் அமைதியாகிவிடும். அந்த அம்மாள் திரும்பி வந்து குறை சொல்லும்போது, மர்பி டவுன் ரிப்பேர் ஷெட்டு வாசலில் வண்டி நல்ல பிள்ளையாக நின்று உறுமிக்கொண்டிருக்கும். சொன்னவர்தான் பொய் சொன்னதுபோல் ஆகிவிடும்.

ஏன் இருமுகிறது என்று ரெமிஜியஸுக்குப் பிடிபடவில்லை. பதினான்கு வருஷமாக வண்டிகளின் வயிற்றில் கை விட்டுக்கொண்டிருப்பவன் அவன். பெட்ரோல் வரும் குழாயை ஊதிப் பார்த்தான். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினான். பிளக் நாலையும் புதிதாகப் போட்டான். கடைசியில் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வந்தான். அங்கேயே நின்றுவிட்டான்.

அவன் பட்ட பாடு புரிய வேண்டுமானால் அந்தச் சாமானைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வண்டிக்கு நாலு சிலிண்டர். ஒவ்வொன்றுக்குள்ளும் பெட்ரோல் ஆவியும் காற்றும் சேர்ந்து நசுக்கப்படும். நன்றாக நசுங்கிய கணத்தில் ஒரு தீப்பொறி விழ வேண்டும். முந்தி விழுந்தால் இன்ஜின் உதைக்கும், பிந்தி விழுந்தால் சோர்ந்து போகும். அந்தப் பொறியை நாலு பேருக்கும் முறை வைத்துப் பரிமாறுவதுதான் டிஸ்ட்ரிபியூட்டரின் வேலை. அதன் வயிற்றுக்குள் பாயின்ட் என்று ஒரு சின்னக் கை, தொட்டுத் தொட்டுப் பிரிந்துகொண்டே இருக்கும். பிரிகிற ஒவ்வொரு தடவையும் காயில் என்ற கம்பிச் சுருளில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பும். அது கறுப்பு மூடியின் நடுக்குழி வழியாக உள்ளே இறங்கும். கீழே ரோட்டர் என்ற துண்டு சுழன்றுகொண்டிருக்கும். பந்தியில் நெய் ஊற்றிக்கொண்டு போகிறவர் மாதிரி. எந்த இலைக்கு முன்னால் நிற்கிறாரோ அந்த இலைக்கு நெய். மூடியின் ஓரத்தில் நாலு குழிகள், நாலு ஒயர்கள், சிலிண்டருக்குள் பொறி உதிர்க்கும் நாலு பிளக்குகள். ஆனால் வரிசை ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று நேராக இருக்காது. முதல் சிலிண்டர், பிறகு மூன்று, பிறகு நாலு, கடைசியில் இரண்டு. அப்போதுதான் இன்ஜின் குலுங்காமல் சுற்றும்.

இது அத்தனையும் ரெமிஜியஸுக்கு உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். பாயின்டைச் சின்ன அரத்தால் ராவினான். இடைவெளியை மெல்லிய தகடு விட்டு அளந்தான். பாயின்ட் கருகாமல் காக்கும் கண்டென்சரை மாற்றினான். ரோட்டர் சுழலும் தண்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய், அதற்கு மேல் இல்லை. எல்லாம் சரி. வண்டி மட்டும் மேட்டில் இருமியது.

இது வெறும் இருமலாக இருந்திருந்தால் அவன் இப்படி வெந்துபோயிருக்க மாட்டான். இந்த இருமல் டென்சில் கைபட்டால் நின்றுவிடுகிறது. அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

டென்சில் ஜூன் மாதம் அந்த ஷெட்டில் சேர்ந்தவன். ரெமிஜியஸைவிட இரண்டு வயது சின்னவன். வேலை தெரிந்தவன்தான், ஆனால் தெரிந்ததைப் பற்றி அலட்டிக்கொள்ளாதவன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடுவான்; மற்ற நாட்களில் அதே பாட்டை வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு சீட்டியடிப்பான். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அவனைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். போன மாதம் ரெமிஜியஸ் பார்த்து அனுப்பிய பாகீரதி அம்மாளின் வண்டி இரண்டாம் நாளே திரும்பி வந்தது. ஷெட்டுக்காரர் சேஷகிரி அதை டென்சிலிடம் தள்ளிவிட்டார். அவன் அரை மணி நேரத்தில் அனுப்பிவிட்டான். வண்டி அடுத்த சர்வீஸ் வரை இருமவே இல்லை. சர்வீஸுக்கு வந்தது, ரெமிஜியஸ் பார்த்தான், மறுபடி இருமல்.

"என்ன பண்ணே?" என்று ரெமிஜியஸ் அவனிடம் கேட்டான்.

"ஒண்ணும் பண்ணலண்ணே. தொறந்தேன், தொடச்சேன், மூடினேன்."

"தொடச்சா இருமல் நிக்குமா?"

"எனக்கு இன்னா தெரியும்? அழுக்கு இருந்தா கை அரிக்குது, தொடைக்கறேன். வண்டிக்கும் அரிச்சிருக்கும்போல."

சொல்லிவிட்டுச் சிரித்தான். ரெமிஜியஸுக்கு அந்தச் சிரிப்பு, கையில் எதையோ ஒளித்து வைத்துக்கொண்டு சிரிப்பதுபோல் இருந்தது. எதையோ செய்கிறான், சொல்ல மறுக்கிறான். துடைத்தானாம்!

வீட்டிலும் அமைதி கிடைக்கவில்லை. மனைவி பிரிஜெட் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "அந்த ஐயரம்மா வண்டிய டென்சில் தம்பிதான் சரி பண்ணிச்சாமே?"

"யாரு சொன்னா?"

"கோயிலண்ட அவங்கம்மா சொன்னாங்க. கைராசிக்காரப் புள்ளையாம்."

"கைராசியா! வண்டிக்குக் கைராசி பாக்கற காலமாயிடுச்சா?"

"நான் இன்னா சொல்லிட்டேன் இப்ப? வண்டிக்கு ஆளப் புடிக்கணும்போலன்னு நெனச்சேன். குழம்பு போதுமா?"

குழம்பு போதவில்லை, ஆனாலும் போதும் என்று எழுந்துவிட்டான்.

இந்த நேரத்தில்தான் சேஷகிரி அடுகோடியில் இன்னொரு ஷெட்டு போடும் பேச்சை எடுத்தார். ஓசூர் ரோட்டில் லாரிகள் பெருகிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. தகரக் கூரை போட்டாயிற்று, குழி வெட்டியாயிற்று, தலைமை ஃபிட்டர் யார் என்பதுதான் பாக்கி. அந்த இடம் தன்னுடையது என்று ரெமிஜியஸ் கூரைக்குத் தகரம் வந்த நாளிலிருந்தே முடிவு செய்து வைத்திருந்தான். ஆனால் சேஷகிரியின் பார்வை இப்போது இரண்டு பக்கமும் போய் வந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் காலை பாகீரதி அம்மாள் மூன்றாம் தடவையாக வந்து இறங்கினார். மாநில உத்தியோகத்தில் பெரிய இடத்தில் இருந்து ஓய்வு பெற்றவரின் மனைவி. கணவருக்கு வண்டி ஓட்ட வராது. இவர் கற்றுக்கொண்டு, மல்லேஸ்வரத்திலிருந்து கன்டோன்மென்ட் வரை தானே ஓட்டிக்கொண்டு வருவார்.

"ரெமிஜியஸ், நீ நன்னாத்தான் பார்த்திருப்பே. ஆனா இப்போ மேடுகூட வேண்டாம்ங்கறது. தெருமுனை திரும்பறச்சேயே இருமறது. பின்னாடி வந்த ஜட்கா குதிரை மிரண்டு போயிடுத்து."

"அம்மா, நான் நேத்துதானே..."

"அதான் சொல்றேன். டென்சில் பார்த்தா ஒரு மாசம் மூச்சு விடாம ஓடறது. அவன்கிட்டயே குடுத்துடேன். நீ தப்பா எடுத்துக்காதே, கேட்டியா?"

ரெமிஜியஸ் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டான். ஐந்து வருஷமாக அவன் கை வைத்துப் பார்த்த வண்டி அது. இன்ஜின் சத்தத்தை வைத்தே அந்த அம்மாள் பள்ளத்தில் இறக்கினாரா கல்லில் ஏற்றினாரா என்று சொல்லிவிடுவான். தனக்கு முன்னாலேயே தன் பொருளை எடுத்து இன்னொருவன் கையில் வைப்பதுபோல் இருந்தது.

சேஷகிரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். பேசும்போது பாதி கன்னடம் கலந்துவிடும் அவருக்கு.

"நோடப்பா, இரண்டு பேரும் கேளுங்க. டென்சில் பார்த்தா சரியாகுது, ஏன்னு அவனுக்குத் தெரியாது. நீ பார்த்தா கெடுது, ஏன்னு உனக்கும் தெரியாது. சும்னே தெரியாமலே ரிப்பேர் பண்றதுக்கு நான் ஷெட்டு போடல. இந்த வண்டி ஏன் இருமுதுன்னு எனக்கு எவன் சொல்றானோ, அவனுக்கு அடுகோடி. ஆய்த்தா?"

"ஆயிடுச்சு சார்," என்றான் டென்சில் உற்சாகமாக. ரெமிஜியஸ் தலையை மட்டும் ஆட்டினான்.

பானெட்டைத் திறந்தான். கறுப்பு மூடி பளபளத்தது. அதன் மேல் அவன் நேற்று போட்ட அம்புகள் அப்படியே இருந்தன. அந்த அம்புகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டென்சில் சேர்ந்த முதல் வாரம், இதே வண்டியின் ஒயர்களை ஒரேயடியாகக் கழற்றிவிட்டு, திரும்ப மாட்டும்போது இரண்டை இடம் மாற்றிவிட்டான். இன்ஜின் துப்பாக்கிபோல் வெடித்தது. எதிர்ச்சாரிக் கடை நாய் ஓடிப்போய்ச் சாயங்காலம்தான் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், டென்சில் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான். ரெமிஜியஸ் சிரிக்கவில்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, மூடியின் மேல் எண்களை எழுதினான். முதல் குழியின் வாயிலிருந்து மூன்றாவதன் வாய்க்கு ஒரு அம்பு, அதிலிருந்து நாலாவதற்கு, அதிலிருந்து இரண்டாவதற்கு, அங்கிருந்து மறுபடி முதலுக்கு. கறுப்பின் மேல் பென்சில் வெள்ளிபோல் மின்னியது. "இனிமே குருடன்கூட மாட்டலாம்," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் வண்டி டென்சிலிடம் போய் வரும்போதெல்லாம் அந்த அம்புகள் இருக்காது. பெட்ரோல் நனைத்த துணியால் அழித்துவிடுவான். ரெமிஜியஸுக்கு அது வெறும் துடைப்பாகத் தெரியவில்லை. தன் எழுத்தை வேண்டுமென்றே அழிக்கிறான் என்று பட்டது. அதனால் அடுத்த முறை இன்னும் அழுத்தமாக வரைந்தான். அதற்கு அடுத்த முறை, அதாவது நேற்று, பென்சில் நுனியை எச்சிலில் தொட்டு, ஒவ்வொரு அம்பையும் இரண்டு மூன்று தடவை அதே தடத்தில் இழைத்தான். 'அழிடா பார்க்கலாம்' என்று நினைத்துக்கொண்டுதான் இழைத்தான்.

இப்போது ஏன் என்று கண்டுபிடித்தாக வேண்டும், அதுவும் டென்சிலுக்கு முன்னால். வாசலில் கோளாறு வராது, மேட்டில்தான் வரும். அப்படியானால் மேட்டை வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். அவன் முன் சக்கரங்களுக்கு முன்னால் கட்டைகளை அண்டக் கொடுத்தான். கைப்பிரேக்கை இறுக்கினான்.

"டென்சில், உள்ள உக்காரு. இன்ஜினக் கொஞ்சம் ஏத்திப் புடி. டாப் கியர் போட்டு கிளச்ச மெதுவா விடு. வண்டி நகரக் கூடாது, ஆனா இன்ஜின் தெணறணும்."

"மூட்ட தூக்குற மாதிரி."

"ஆமா. பேசாம செய்."

மின்சாரம் எங்காவது வழி தவறிப் போனால் பொறி தெரியும். வெயிலில் தெரியாது, இருட்டில் தெரியும். டென்சில் மாட்டிய ஒயர் ஏதாவது ஒன்றில் விரிசல் இருக்க வேண்டும் என்பது ரெமிஜியஸின் எண்ணம். எண்ணம் என்பதைவிட ஆசை. லாரிப் படுதாவை எடுத்துப் பானெட்டின் மேல் போட்டு, தன் தலையையும் உள்ளே விட்டுக்கொண்டான். ஸ்டுடியோ போட்டோக்காரர் நிற்பதுபோல் இடுப்புக்குக் கீழ் மட்டும் வெளியே தெரிந்தது.

"அண்ணே, சிரிச்ச மூஞ்சியா வெச்சிக்கணுமா?" என்றான் உள்ளேயிருந்து டென்சில்.

"கிளச்ச விடுடா!"

இன்ஜின் திணறியது. படுதாவுக்குள் சூடும் பெட்ரோல் வாசனையும் அடைத்தன. முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகியது. ஒயர்கள் இருட்டாகவே இருந்தன, ஒன்றில்கூட விரிசல் இல்லை. பிறகு வண்டி இருமியது. இருமிய அதே நேரத்தில் மூடியின் மேல் ஒரு நீலக் கோடு ஓடியது. மூன்றாம் குழியின் வாயிலிருந்து நாலாம் குழியின் வாய்க்கு. மறுபடி இருமல், மறுபடி நீலக் கோடு. இந்தத் தடவை நாலிலிருந்து இரண்டுக்கு.

அது நேராக ஓடவில்லை. அம்பின் தண்டு வழியாகப் போய், அம்புமுனையில் இரண்டாகப் பிரிந்து, பிறகு குழிக்குள் இறங்கியது. நேற்று அவன் எச்சில் தொட்டு வரைந்ததை யாரோ நெருப்பால் ஒரு தடவை எழுதிக் காட்டினதுபோல் இருந்தது.

ரெமிஜியஸ் படுதாவுக்குள்ளேயே நின்றான். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பொருந்தின. பென்சில் முனை மரமல்ல, மையும் அல்ல. கரி. கரியில் மின்சாரம் ஓடும். ரோட்டர் மூன்றாம் சிலிண்டருக்குப் பொறியைக் கொடுக்கிறது. மேட்டில் அந்தச் சிலிண்டருக்குள் நிறையப் பெட்ரோல் ஆவி, நிறைய அழுத்தம். பிளக்கின் இடுக்கைத் தாண்டுவது கடினம். பக்கத்திலேயே நாலாம் சிலிண்டருக்கு ஒரு கரிப் பாதை போட்டு வைத்திருக்கிறது. அங்கே அழுத்தம் இன்னும் ஏறவில்லை, தாண்டுவது சுலபம். மின்சாரம் சுலபமான வழியில்தான் போகும். நெய் பக்கத்து இலையில் விழுந்துவிடுகிறது. சாப்பிட வேண்டியவன் பட்டினி, முறை வராதவன் விக்குகிறான். சமதரையில் சுமை இல்லை, அதனால் கோளாறும் இல்லை. டென்சில் பெட்ரோலால் துடைத்தால் பாதை அழிகிறது, வண்டி ஓடுகிறது. அவன் வந்த பிறகுதான் வண்டி கெட்டது என்று தான் நினைத்தது சரிதான். அவன் வந்த பிறகுதான் தான் அம்பு போட ஆரம்பித்ததும்.

"அண்ணே, உயிரோட இருக்கியா? எதனா தெரிஞ்சிதா?"

"ஒண்ணும் தெரியல. அணைச்சிடு."

சொல்லிவிட்டு வெளியே வந்தான். பார்த்தவன் அவன் ஒருவன்தான். கையில் துணி இருந்தது. மூடியை யாரும் பார்க்கும் முன்பே துடைத்துவிடலாம். கண்டென்சர் கோளாறு என்று சொல்லி ஒரு புதுக் கண்டென்சரைப் போட்டுக் காட்டலாம். வண்டி ஓடும். அடுகோடி கிடைக்கும். டென்சிலின் துணிக்கு ஒரு மரியாதையும் கிடைக்காது. அந்தக் கடைசி விஷயம்தான் அவனுக்கு எல்லாவற்றையும்விட இனித்தது.

சேஷகிரியிடம் போனான். பாகீரதி அம்மாள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"கண்டென்சர் சார். சூடானா ஒழுங்கா வேல செய்யல."

"ஹௌதா? போன வாரம்தானே புதுசு போட்டே?"

"அது... அந்தப் புதுசே சரியில்ல."

"சரி. டென்சில் போன மாசம் கண்டென்சர மாத்தினானா?"

"இல்ல சார்."

"அப்போ அவன் கையில எப்படி ஒரு மாசம் ஓடிச்சு?"

ரெமிஜியஸ் வாயைத் திறந்தான். அவனிடம் எதற்கும் ஒரு விளக்கம் இருக்கும்; புதிதாக வருகிறவர்களை நிறுத்தி வைத்து, அவர்கள் போதும் என்று கெஞ்சும் வரை விளக்குபவன் அவன். இதற்கு விளக்கம் இல்லை. பொய்யான கண்டென்சர் பாதி வழியிலேயே நின்றுவிட்டது, மேட்டில் நின்ற வண்டிபோல. உண்மையான காரணமோ எல்லாக் கேள்விக்கும் பதிலை வைத்துக்கொண்டு உள்ளே துடித்துக்கொண்டிருந்தது. சமதரைக்குப் பதில், மேட்டுக்குப் பதில், தெருமுனைக்குப் பதில், டென்சிலுக்குப் பதில். அவ்வளவு நன்றாகப் பொருந்தும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விழுங்குவது அவனால் ஆகாத காரியம்.

"கண்டென்சர் இல்ல சார்," என்றான். "என் அம்பு. வாங்க, காட்டறேன்."

ஒவ்வொருவராகப் படுதாவுக்குள் தலையை விட்டுப் பார்த்தார்கள். பாகீரதி அம்மாள், "அடடா, மின்னல் மாதிரின்னா ஓடறது!" என்று மூன்று தடவை பார்த்தார். டென்சில் கடைசியாகப் பார்த்துவிட்டு வெளியே வந்தான். கேலி வரும் என்று ரெமிஜியஸ் காத்திருந்தான்.

"அப்ப என் துணிதான் டாக்டரா?" என்றான் டென்சில். உண்மையாகவே சந்தோஷப்பட்டான். "நானும் நெனச்சேன்ணே, இன்னாடா இது, நாம ஒண்ணுமே பண்ணல, வண்டி ஓடுதேன்னு. பயமா இருந்திச்சு."

கேலியே வந்திருக்கலாம் என்று ரெமிஜியஸுக்குத் தோன்றியது.

துணியைப் பெட்ரோலில் நனைத்து அம்புகளைத் தானே அழித்தான். இழைத்து இழைத்து வரைந்தவை, சீக்கிரம் போகவில்லை. மூடி உலர்ந்ததும் நாலு பேரும் வண்டியில் ஏறினார்கள். பாகீரதி அம்மாள் ஓட்டினார். ஏரியைத் தாண்டி மேடு வந்தது. பாதி மேடு தாண்டியது. வண்டி இருமவில்லை. உச்சிக்குப் போய், திரும்பி இறங்கி, மறுபடி ஒரு தடவை ஏறினார்கள். அந்த அம்மாளுக்கு அது போதவில்லை, மூன்றாம் தடவையும் ஏற்றினார்.

"நன்னாயிடுத்து ரெமிஜியஸ்," என்றார். பிறகு, "டென்சில், நீயும் சமத்துதான்," என்றும் சேர்த்துக்கொண்டார். அதைச் சேர்க்காமல் இருந்திருக்கலாம்.

ஷெட்டுக்குத் திரும்பியதும் சேஷகிரி சொன்னார்: "சொன்ன சொல்லு சொன்னதுதான். அடுகோடிக்கு நீதான் தலைமை. ஆனா டென்சிலையும் கூட்டிக்கிட்டுப் போ. நீ எழுதினா துடைக்கிறதுக்கு ஒருத்தன் வேணும் உனக்கு."

டென்சில் சலாம் வைத்தான். ரெமிஜியஸுக்குக் கேட்ட இடம் கிடைத்தது. கூடவே அந்தச் சீட்டியும் வரப்போகிறது, காலையிலிருந்து சாயங்காலம் வரை.

"இன்னொண்ணு," என்றார் சேஷகிரி. "அங்க புதுசா ஆளுங்க வருவாங்க. இதை அவங்களுக்கு எப்படிச் சொல்லுவே? சுருக்கமா சொல்லு, உன் வழக்கம்போல வேண்டாம்."

ரெமிஜியஸ் டென்சிலைப் பார்த்தான். அவன் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, கேட்பதற்குத் தயாராக நின்றான். ரெமிஜியஸ் காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

"டிஸ்ட்ரிபியூட்டர் மூடி மேல பென்சிலால எதையும் எழுதக் கூடாது. பென்சில் கரி, மின்சாரம் அது மேல ஓடி வேற பிளக்குக்குப் போயிடும், சுமை ஏறினா வண்டி இருமும். மூடியக் கழட்டி உள்ளயும் வெளியயும் பெட்ரோல் துணியால தொடைச்சு, நல்லா காய விட்டு மாட்டணும். எந்த ஒயர் எந்தக் குழிக்குன்னு தெரியணும்னா, நம்பரச் சின்னத் துணிப் பட்டையில எழுதி ஒயர்ல, பிளக்குப் பக்கமாக் கட்டணும்."